ஒரு கிழங்கில் இரண்டு கன்று

தம்பி,

போனில் உன்னிடமிருந்து எனக்குக் கிடைப்பது "சாப்பிட்டேன்மா", "வச்சிர்றேன்மா" என்ற இரண்டு மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே எதையாவது நுழைத்துவிடலாம் என்று நானும் பார்க்கிறேன், முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். கொடைக்கானலில் நான் படித்த பள்ளியிலிருந்து பழைய மாணவியர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். பள்ளி நினைவுகள் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் வந்ததெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டியது. அதற்குள் பள்ளி நினைவும் கொஞ்சம் வந்துவிடுகிறது, ஆகவே அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தவிர, பெரும்பாறை பஸ் நிறுத்தத்தில் உனக்கு நடந்தது ஊர் பார்க்க நடந்தது. அதற்கான பதிலை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதில் தவறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தையில் உன் தங்கைக்குக் கல்யாணம். மண்டபம் வேண்டாம், நம் வீட்டு வாசலிலேயே பந்தல் என்று அவள் சொல்லிவிட்டாள். நம் சொந்தத்தில் வாசல் வாழையைப் பெண்ணோடு பிறந்தவன்தான் வெட்டி, தோளில் தூக்கி வந்து கட்ட வேண்டும். அதை நீ கூலி ஆளை வைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாயாம். முகூர்த்த நேரத்துக்கு வந்துவிட்டு மதியப் பஸ்ஸில் போய்விடுவதாகவும் சொன்னாயாம். உன் தங்கை என்னிடம் வந்து, "அண்ணன் கட்டலைன்னா வாசல் வெறுமனே கெடக்கட்டும்மா, நான் பாத்துக்கிர்றேன்" என்றாள். அவள் எதைப் பார்த்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. நீ இரண்டு பொங்கலாக வீட்டுக்கு வரவில்லை. இந்தக் கடிதம் உன்னை வரவழைப்பதற்காகத்தான். வேறு காரணம் இருப்பதுபோல நான் நடிக்கப்போவதில்லை.

நீ அறிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் பொறுத்துக்கொள். நம் சரிவில் காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே மலைவாழை நின்றது. விருப்பாட்சி. பழம் சிறியது, தோல் கறுத்து வாடினாலும் உள்ளே கெடாது, அதனால்தான் பழனியில் பஞ்சாமிர்தத்துக்கு அதைக் கேட்டு வாங்குவார்கள். கீழே சமவெளியில் ஒன்றிரண்டு தார் எடுத்துவிட்டு மறுநடவு போடுவார்கள். இங்கே ஒருமுறை வைத்த கிழங்கு, பக்கக்கன்றாக விட்டுக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கும். தார் வெட்டிய பிறகு எந்தக் கன்றை விடுவது, எந்தக் கன்றை எடுப்பது என்று உன் அப்பா யோசிக்கும்போது நீ குறுக்கே போய் நின்று, "இது அண்ணன், இது தங்கச்சி, ரெண்டையும் விடுங்கப்பா" என்பாய். மழையில் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு இலை வெட்டிப் பாதியாகக் கிழிப்பேன். தண்டுள்ள பாதி உனக்கு, தண்டில்லாத பாதி அவளுக்கு. அவளுடைய பாதி வழியிலேயே மடிந்து அவள் நனைந்துவிடுவாள் என்று திரும்பி வரும்போது இருவரும் உன் பாதியில் வருவீர்கள். மேகம் அடுப்படிக்குள் வந்துவிட்டால் கதவைச் சாத்தி அதைப் பிடித்து வைக்கப் பார்ப்பாய். இப்போதும் மேகம் வருகிறது. நான் கதவைச் சாத்துவதில்லை.

நீ ஒன்பதாவது படிக்கும்போது முடிக்கொத்து நோய் வந்தது. இலையெல்லாம் உச்சியில் கொத்தாக நின்று, தார் தள்ளாமலே போயிற்று ஒவ்வொன்றாக. உன் அப்பா கிழங்கோடு தோண்டி எரித்தார். ஓடைக்கு அக்கரையில் இருந்த ஒரு தூர் மட்டும் தப்பியது. படித்து முடித்துக் கோயம்புத்தூரில் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் நீ செய்த முதல் காரியம், அந்தத் தூரிலிருந்து ஒரு கன்றைக் கிழங்கோடு பெயர்த்து ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துப் போனதுதான். நோய் இல்லை என்று சோதித்து, குருத்தின் நுனியைச் சிறு துண்டாக வெட்டிப் பாட்டிலுக்குள் வளர்த்தாய். அது பல குருத்துகளாகும், அதைப் பிரித்து வேறு பாட்டில்களில் வைத்தால் அவையும் பலவாகும். அப்படி வளர்ந்த கன்றுகளின் முதல் பெட்டியை நீ பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய அன்று ஊரே வந்து எட்டிப் பார்த்தது. ஆடலூர் பக்கம் காடு வைத்திருக்கும் செல்லத்துரை அண்ணன், உனக்கு மாமா, ஒரு கன்றை விரலில் தூக்கிப் பிடித்து, "என்ன மருமகனே, கொத்தமல்லிக் கட்டு மாதிரி இருக்கு? ரசத்துக்குப் போடவா?" என்றார். நீயும் சிரித்தாய். அந்தக் கன்றுகள் நன்றாகத்தான் வந்தன. நோய்க்குப் பிறகு நம் சரிவுக்கே வராமலிருந்த பழனி வாழைமண்டி பாய், லாரியோடு மேலே ஏறி வந்து, ஒரு பழத்தை உரித்து மோந்து பார்த்துவிட்டு, "அக்கா, இந்த வாசம் மறந்தே போச்சுக்கா" என்று சொன்னபோது உன் அப்பா முகம் எப்படி இருந்தது என்று நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

பிறகுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே கேட்டாலும் உன் அப்பா, "என் மவன் தருவான், நீ குழிய வெட்டி வையி" என்றார். ரேஷன் வரிசையில் நின்றபோது நானும் சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் குழி வெட்டிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். வெட்டின குழியை மழைக்கு முன்னால் நிரப்பாமல் விட்டால் கன்று தருவதாகச் சொன்னவன் வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் அந்தக் குழியைக் காட்டுவார்கள். நீ போனில் சொன்னாய்: "அப்பா, ஒரு பாட்டிலப் பிரிச்சு அடுத்தது, அதப் பிரிச்சு அடுத்ததுன்னு ரொம்பத் தடவ போகக்கூடாதுப்பா. கன்னு மாறிப்போகும். அக்கரைத் தூர்ல புதுக் கிழங்கு எடுத்து மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்." அவர் சொன்னார்: "அதெல்லாம் அடுத்த வருசம் பாருடா. குழி வெட்டிட்டாங்க, வெரசா அனுப்பி வையி." நீ அனுப்பி வைத்தாய்.

அந்தப் பெட்டிகளில் வந்த கன்றுகளில் பாதிக்குக் குறையாமல் குட்டையாக நின்றுவிட்டன. இடுப்புயரம்தான் வளர்ந்தன. இலைகள் அகலமாக ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டன. தார் தள்ளியபோது காய்கள் மூச்சு முட்ட ஒட்டிக்கிடந்தன. பாட்டிலில் மருந்து குடித்து வளர்ந்தது என்று டீக்கடையில் அதற்கு 'டாக்டர் வாழை' எனப் பெயர் வைத்தார்கள். "ஏலே, டாக்டர் வாழைக்கு ஏணி எதுக்கு, முட்டி போட்டு வெட்டு" என்று ஒருவன் சொல்ல, அது ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. அதிகம் குழி வெட்டியவர் செல்லத்துரை அண்ணன், அதிகம் குட்டை விழுந்ததும் அவர் காட்டில்தான்.

முதலில் குட்டை தெரிய ஆரம்பித்தபோது நீ வந்து, இலைகளை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாயே, அந்தச் சாயங்காலத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். "குட்டையிலயும் நெட்டையிலயும் எழுத்து ஒண்ணாவே இருக்கலாம்மா. எந்த எடத்தப் படிக்கணும், எதப் படிக்கக்கூடாதுங்கிறதுதான் மாறியிருக்கும்" என்றாய். டி.என்.ஏ. என்பது நாலே எழுத்தில் எழுதின நீளமான பாடம், அதில் சைட்டோசின் என்ற எழுத்தின்மேல் மீத்தைல் என்ற சின்னஞ்சிறு ரசாயனத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும், எழுத்து மாறாது, ஆனால் ஒட்டியிருக்கும் இடத்தைப் பொறுத்து அந்த மரபணுவைச் செடி படிக்கும் அல்லது படிக்காமல் தாண்டிப் போகும் என்றாய். அப்படி ஒட்டுவதற்கு நீ 'மீத்தைலேற்றம்' என்று பெயர் சொன்னவுடன் எனக்கு எங்கள் அறிவியல் புத்தகம் ஞாபகம் வந்தது.

எங்கள் பள்ளி விடுதியில் புத்தகம் புதிதாக வாங்குவது அபூர்வம். மேல்வகுப்பு அக்காமாரிடமிருந்து கீழ்வகுப்புக்கு இறங்கும். பாடம் நடத்தும் சிஸ்டர் முதல் வாரத்தில், இது பரீட்சைக்கு வராது, இது வராது என்று சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் அந்தப் பாடத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்போம். தலைப்பில் புள்ளி இருந்தால் அந்தப் பாடத்தை யாரும் திறப்பதில்லை. அடுத்த வருடம் புத்தகம் கைமாறும்போது புள்ளியும் சேர்ந்தே போகும். புது வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று தெரியாது, இருந்தும் தாண்டிப் போவார்கள். எனக்கு மட்டும் புள்ளி வைத்த பாடங்களைப் படிக்கும் கெட்ட பழக்கம் இருந்தது. கம்பளிச் சட்டையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, யூகலிப்டஸ் இலை வாசம் வரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பரீட்சைக்கு வராத பெரணிகளையும் பாசிகளையும் படிப்பேன். வகுப்பில் என்னை 'அட்டை டு அட்டை' என்று கூப்பிடுவார்கள்.

நான் இதைச் சொன்னதும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். "சரியாத்தாம்மா இருக்கு. மரபணு தொடங்குற எடத்துல குறி விழுந்தா பெரும்பாலும் அது அமைதியாயிரும்" என்றாய். எனக்கு ஆசை தாங்கவில்லை. "பாடத்துக்கு நடுவுல அடிக்கோடு போட்டிருப்போமே, அது?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. "அங்கதான் எல்லாரும் மாட்டிக்கிருவாங்க. நடுவுல குறி இருந்தா அந்த மரபணு பேசாதுன்னு சொல்ல முடியாது. எப்பவும் ஓயாம வேல செய்ற மரபணுக்கள்லதான் நடுவுல குறி நெறைய இருக்கு. அது எதுக்குன்னு இன்னும் சரியாத் தெரியல." அடிக்கோடு போட்ட பாடங்களைத்தான் நாங்களும் தினமும் படித்தோம். இன்னொன்றும் சொன்னாய். ஓரிடத்திலிருந்து தாவி இன்னோரிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள் செடியின் டி.என்.ஏ.வில் நிறைய உண்டு, அவற்றை அடக்கி வைப்பதுதான் இந்தக் குறிகளின் பெரிய வேலை, குறி போனால் அவை எழுந்து பக்கத்துப் பாடத்தையும் கெடுக்கலாம் என்றாய். தைத்த நூல் அறுந்து, ஒரு பாடத்தின் தாள் இன்னொரு பாடத்துக்குள் போய்ச் செருகிக்கொள்ளும் எங்கள் புத்தகங்கள் அப்படியே என் கண்முன் வந்தன.

பிறகு நீ சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மனிதர்களும் விலங்குகளும் அடுத்த தலைமுறைக்குப் புத்தகத்தைத் தரும்போது பென்சில் குறிகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டுத்தான் தருகின்றன. செடி அவ்வளவு அழிப்பதில்லை. விதை வழியாகவே சில குறிகள் போய்ச் சேரும். விதையே இல்லாத வாழையில் கன்று, தாயின் புத்தகத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. செல் பிரியும்போதெல்லாம் எழுத்தைப் படி எடுத்த கையோடு குறியையும் படி எடுக்க வேண்டும். பாட்டிலுக்குள் மருந்தூட்டி விரட்டி விரட்டிப் பெருக்கும்போது அந்த இரண்டாவது வேலையில் ஆங்காங்கே குறி விட்டுப்போகும், வேண்டாத இடத்தில் விழவும் செய்யும். எவ்வளவு தடவை பிரிக்கிறோமோ அவ்வளவுக்கு அது கூடும். "அப்ப குட்டை அதனாலதானா?" என்று கேட்டேன். "இருக்கலாம்மா. எழுத்தே மாறியும் இருக்கலாம். பாக்காமச் சொல்லக்கூடாது" என்றாய். உன் அப்பா முற்றத்தில் மிளகு காயவைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "குழி வெட்டச் சொன்னது நான்தானே" என்றார். நீ எனக்கு இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றித் தந்தாய்.

அடுத்த முறை நீ வந்தபோதுதான் அது நடந்தது. வத்தலக்குண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாய், உன் அப்பா கூட்டிவர வந்திருந்தார். செல்லத்துரை அண்ணன் நிறுத்தத்தில் நின்றிருந்தார். "மருமகனே, நான் ஒன்ன நம்பி நடல. ஒங்கப்பன நம்பி நட்டேன். இப்ப ரெண்டு பேரையும் நம்புற மாதிரி இல்ல" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ பையைத் தோளில் மாட்டியபடியே நின்றாய். பஸ் மேலே போய்த் திரும்பி வந்தது. நீ கையை நீட்டி அதிலேயே ஏறிப் போய்விட்டாய். உன் அப்பா வீட்டுக்குத் தனியாக வந்தார். உனக்காக வைத்த கோழிக்குழம்பை ஊற்றிக் கொடுத்தேன். "ஒரப்பா இருக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உறைப்பு சரியாகத்தான் இருந்தது.

நீ போன பிறகு எல்லாரும் குட்டையைப் பிடுங்கிப் போட்டார்கள். நானும் அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். போன வாரம் கல்யாணப் பத்திரிகை வைக்கச் செல்லத்துரை அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. உன் அப்பா வரவில்லை, சோலி கெடக்கு என்றார். நானும் உன் தங்கையும் போனோம். அண்ணன் பத்திரிகையை மஞ்சள் படாத பக்கமாகத் திருப்பிப் படித்துவிட்டு, "எல்லாம் சரி தங்கச்சி, வாசலுக்கு வாழ எங்க?" என்றார்.

"கீழ வத்தலக்குண்டுலதான் சொல்லணும்ணே."

"ஏன், என் காட்டுல வாழ இல்லையா?"

முன்னே நடந்து எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனார். பாறை ஓரத்தில், மிளகுக்கொடி ஏறிய முருக்க மரத்தடியில் ஒரு தூர். நீ அனுப்பிய கன்றுகளில் ஒன்று. தாய் குட்டையாக இருந்து, தார் தள்ளி, வெட்டியாகிவிட்டது. அதன் கிழங்கிலிருந்து இரண்டு கன்று வளர்ந்திருக்கிறது, தம்பி. ஒன்று தாயைப் போலவே இடுப்புயரம், இலை நெருக்கம், ஒட்டின காய். மற்றது மரக்கிளையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, ஓடைக்கு அக்கரையில் நின்ற நம் பழைய விருப்பாட்சியேதான். இரண்டிலும் தார் இருக்கிறது. நான் மண்ணை விலக்கிப் பார்த்தேன். ஒரே கிழங்கு.

"பாத்தியா, ஒண்ணு ஓம் மவன மாதிரி, ஒண்ணு என்னய மாதிரி" என்றார் அண்ணன். அவர் எவ்வளவு குட்டை என்று உனக்குத் தெரியும். "இது எப்பிடின்னு அவன்ட்ட கேக்கணும்னுதான் பிடுங்காம வச்சிருக்கேன். அவன் வந்தால்ல."

"நீங்க ஏசுனீங்கள்லண்ணே."

"ஏசுனேன். மருமகன ஏசாம மந்திரியவா போயி ஏசச் சொல்ற? அவனும் பதிலுக்கு ரெண்டு ஏசிட்டு வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டிருக்கணும். பஸ் ஏறிப் போயிட்டான். நான் ஏசுனது பாதிதான், மீதி இன்னும் அப்பிடியே கெடக்கு."

அந்த இரண்டையும்தான் வாசலில் கட்ட வேண்டும் என்றார். உன் தங்கை தயங்கி, "ஒண்ணு நெட்ட, ஒண்ணு குட்ட. போட்டோல எப்பிடி மாமா இருக்கும்?" என்றாள். "நீயும் மாப்பிள்ளையும் நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார். அவள் கோபித்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். நாங்கள் கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டு, "வேற ஆள் வந்து அருவாள வச்சான்னா விட மாட்டேன் தங்கச்சி. அவனே வரணும். வெட்டிட்டு, கெழங்குல கொஞ்சம் எடுத்துட்டுப் போகட்டும். எந்தக் கன்னு என்ன படிச்சுச்சுன்னு எனக்கு வந்து சொல்லட்டும்" என்றார். நீ அடுப்பருகே சொன்னதை எப்போதோ டீக்கடையில் உன் அப்பா சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

நெட்டைக் கன்றில் குறி திரும்ப விழுந்துவிட்டதா, அல்லது கிழங்கின் ஒரு பகுதி ஆரம்பத்திலிருந்தே மாறாமல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் ஊகித்து எழுதினால் நீதான் திருத்துவாய். பாக்காமச் சொல்லக்கூடாது என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, உனக்கும் இருக்க வேண்டும். பார்க்கிறதுக்கு வர வேண்டும். அம்மா சொல்லும் புத்தி என்று இதில் ஏதாவது வேண்டுமென்றால், முடியாது என்று சொல்லப் பழகிக்கொள், அதையும் முதலில் உன் அப்பாவிடமும் என்னிடமும் சொல்லிப் பழகு. எங்களுக்கு வருத்தமாக இருக்கும், சாப்பிட்டுத் தூங்கினால் சரியாகிவிடும். தெரியாது என்று சொல்ல உனக்கு ஏற்கெனவே தெரியும். அதை ஊர்க்காரர்கள் முன்னால் சொன்னால் குறைச்சல் என்று மட்டும் எப்போது நினைக்க ஆரம்பித்தாய் என்று எனக்குப் புரியவில்லை. பந்தலுக்கு வரும் எல்லாரும் அந்த வாசலைப் பார்த்துக் கேட்பார்கள். டீக்கடைக்காரன் கட்டாயம் கேட்பான். நீ வாசலில் நின்று, புத்தகத்தையும் பென்சில் புள்ளியையும் சொல். அந்த உவமை என்னுடையது என்று சொல்ல மறக்காதே.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வெள்ளனே வரும் முதல் பஸ்ஸில் வா. கிழங்குக்கு ஈரச்சாக்கு நான் நனைத்து வைக்கிறேன், அரிவாளை உன் அப்பா நேற்றே தீட்டி வைத்துவிட்டார். செல்லத்துரை மாமா நிறுத்தத்தில் நிற்பார், மீதியையும் ஏசுவார், கேட்டுக்கொள். உன்னை இறக்கிவிட்ட பஸ் மேலே போய்த் திரும்பி வரும். அது வரும்போது கையை நீட்டாமல் நின்றால் போதும், தம்பி. அது பாட்டுக்குப் போய்விடும்.

அம்மா